சின்ன ராணியின் சூப்பு

மாரண்டஹள்ளியில் எங்கள் தெருவுக்கு முதல் வீடியோ டெக் ஜவுளிக்கடை பாய் வீட்டில்தான் வந்தது. அவர் தம்பி சிங்கப்பூர் டி.வி.யில் பதிந்த சீன நாடகக் கேசட்டுகளையும் கொண்டுவந்திருந்தார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. பாயின் மனைவி படத்தைப் பார்த்துத் தானே கதை சொல்வார்.

“செவப்பு அங்கி போட்டவ சின்ன ராணி. பாருங்க, சூப்புல வெசத்தக் கலக்குறா. பெரிய ராணி இன்னிக்கோட சரிங்க.”

அப்பா இரண்டாவதாகக் கட்டிவந்த சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்கு அவள்தான் கஞ்சி வைத்தாள்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தாள். தட்டிவிட்டேன்.

“குடிக்காதம்மா, அவ வெசம் வெச்சிருக்கா.”

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சின்னம்மா தரையைத் துடைத்தாள். மறுநாளிலிருந்து எதைக் கொடுத்தாலும் எங்கள் கண்ணெதிரே ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

பல வருடம் கழித்துச் சீன அரசிகளின் சரித்திரப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டையில் நாடகத்தில் பார்த்த அதே கொண்டை. உள்ளே விஷமும் இல்லை, சூப்பும் இல்லை. அரண்மனைக்கு வந்த பெண்களில் பலருக்குப் பிறந்த குடும்பத்தின் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. கூடவே வாழ்ந்தவளின் பெயரைக்கூடவா எழுதி வைக்க மாட்டார்கள்?

அப்புறம்தான் சின்னம்மாவின் பெயரை யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.