எண்பத்தேழாம் பக்கம்

மைக்கை இயக்குமுன் வைனெல் டிட்மோர் காலணிகளைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிடுவார். "அதப் போட்டுக்கிட்டு பேசினா குரல் முழங்காலோட நின்னுடும்" என்பது அவர் கட்சி. அமெரிக்காவின் அலபாமா மலைமேட்டில், காலை ஆறு மணிக்குச் சாசேஜ் பொரியும் வீடுகளிலெல்லாம் வானொலியில் கேட்கும் பெண்குரல் அது. அறுபத்தெட்டு வயதிலும் கணீரென்று இருக்கும். நால்குரல் பக்திப் பாட்டுகளுக்கு நடுவே ஆஸ்பத்திரியில் இருப்பவர்களின் பெயர்களை வாசிப்பார். என்ன நோய் என்று மட்டும் சொல்லமாட்டார். "அது ஆண்டவருக்குத் தெரியும், உங்களுக்கு எதுக்கு?"

பாட்டும் எழுதுவார். கோழிக்கொட்டகையில் முட்டை பொறுக்கியபடியே மெட்டை முனகி, தீவனச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொள்வார். ஆனால் தம் பாட்டைத் தம் நிகழ்ச்சியில் ஒருநாளும் போட்டதில்லை. நாம் போட்ட ஊறுகாய்க்கு நாமே பரிசு கொடுத்துக்கொள்வதா என்று கேட்பார்.

அவர் எழுதித் தருவதைப் பாடிப் பார்க்கும் ஹெர்ஷல் புரூயிட் என்ற கட்டைக்குரல் பாடகர் வாரம் தவறாமல் போன் செய்து குறை சொல்வார். "சிஸ்டர், உங்க பாட்டுல எங்களுக்கு வேலையே இல்ல. தூணாட்டம் நிக்க வேண்டியிருக்கு." வைனெல் அதையும் அப்படியே ஒலிபரப்புவார். "தூணு இல்லாம கூரை நிக்குமா, பிரதர்?"

பதிப்பகத்துக்கு அனுப்ப அனுப்பப் பதினோரு ஆண்டுகள் திரும்பி வந்துகொண்டே இருந்த அவர் பாட்டு, இந்த ஆண்டுப் புதுப் பாட்டுப் புத்தகத்தில் எண்பத்தேழாம் பக்கத்தில் இடம்பிடித்தது. முழுநாள் பாட்டுக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து ஒரு பக்கத்தைச் சொல்லி, முன்னால் நின்று கையசைத்து அதைப் பாடவைப்பார்கள். முன்னே பார்த்தேயிராத பாட்டை முந்நூறு பேரும் முதலில் டோ, ரே, மி என்று சுரமாகவும் பிறகு சொல்லாகவும் பாடிவிடுவார்கள். யாரும் சொல்லாத பக்கம், அடுத்த ஆண்டுப் புத்தகம் வந்ததும் செத்துப்போகும். எழுதியவரே தம் பக்கத்தைச் சொல்வது மானக்கேடு. இந்த ஆண்டுக் கூட்டத்துக்குக் கணவர் டாயிலையும் எச்சரித்துத்தான் கூட்டி வந்திருந்தார்: "நீங்க வாயத் தொறந்தீங்க, வீட்டுக்கு நடந்துதான் வரணும்."

காலை போயிற்று. பொரித்த கோழியும் வாழைப்பழப் புட்டிங்கும் தீர்ந்தன. பிற்பகலில் எண்பத்தாறைச் சொன்னார்கள், எண்பத்தெட்டைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிப் பெயர்களையெல்லாம் குரல் பிசகாமல் வாசிக்கிறவர், எண்பத்தெட்டின் சுரத்தில் இரண்டு இடத்தில் பிசகினார். டாயில் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி ஆளாக ஹெர்ஷல் எழுந்தார். "எண்பத்தேழு. இந்தத் தடவ எங்களுக்கும் கொஞ்சம் வேலை வச்சிருக்காங்க."

கூட்டம் சிரித்தது. சுரம் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. பல்லவியில் கட்டைக்குரல்கள் தனியே இறங்கிப் போக, மற்ற மூன்று குரல்களும் பின்னாலேயே ஓடின. பாட்டு முடிந்தும் ஹெர்ஷல் கையை இறக்கவில்லை. பல்லவியை இன்னொரு தரம் பாடச் சொன்னார். தாம் எழுதியது முந்நூறு வாயில் ஏறிவிட்ட பெருமை வைனெலின் முகமெல்லாம் வழிந்தது.

ஒவ்வொரு சுரமும் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் பக்கத்தில் இருந்தவர்களைப் போலவே மூக்குக்கண்ணாடியை மாட்டி, புத்தகத்தை விரித்து, இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போல விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டே பாடினார்.