பல் செட்காரரின் பன்னிரண்டாவது மாணவி

பல் செட் செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஒருவருக்குச் சரித்திரம் எழுதுகிற வழக்கம் உலகத்தில் இல்லை. சரித்திரம் என்றால் கோட்டை வேண்டும், படை வேண்டும், குறைந்தபட்சம் ஒரு துரோகியாவது வேண்டும். நமது பல் செட்காரரிடம் மூன்றும் இருந்தன. வாரத்தில் ஆறு நாள் ஊராரின் ஈறு அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் நட்டு, அரம் வைத்து ராவிக்கொண்டிருப்பார். ஏழாவது நாள் மதியம் இரண்டு மணிக்குப் பதினோரு கோட்டைகளை ஆள்வார்.

ஆண்டது கம்ப்யூட்டரில்தான். இடைக்கால ராஜ்ஜியங்களைப் பற்றிய விளையாட்டு அது. சுடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. ஒரு பெரிய வரைபடம். அதில் முந்நூறு பிரபுக்கள். ஒவ்வொருவருக்கும் மனைவி, மச்சான், மனத்தாங்கல். யாருக்கு யாரைக் கட்டி வைப்பது, யாருடைய கோபத்தைக் கண்டும் காணாமல் விடுவது, அரசர் கண்ணை மூடினால் யார் பட்டத்துக்கு வருவது என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். "கல்யாணம் ஆனவங்க எல்லாரும் இதைத்தான் கம்ப்யூட்டர் இல்லாம ஆடிட்டிருக்கோம்" என்பாள் அவருடைய தங்கை.

பக்கத்து ராஜ்ஜியம் லிஃப்ட்காரருடையது. லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், பல் செட்காரரைவிட நான்கு வயது மூத்தவர். ஒன்பது வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் பல் செட்காரர் வீட்டுக்கு வந்து, இரண்டாவது கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தவர். இரண்டு ராஜ்ஜியங்களும் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்து, படை கேட்டால் படை அனுப்பி, கூட்டுக் குடும்பம் போல வாழ்ந்தன. சென்ற வருடம் லிஃப்ட்காரருக்குச் சிறுநீரகம் கெட்டது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

ஆள் இல்லாத ராஜ்ஜியத்தைக் கம்ப்யூட்டரே எடுத்து நடத்தும். அதற்கு நட்பு கிட்பு எதுவும் தெரியாது. இன்று கட்டித் தழுவும், நாளை கோட்டை வாசலில் நிற்கும். ஆகவே நண்பரின் சிம்மாசனத்துக்கு ஒரு மனிதப் பிறவியைத் தேடிப் பிடித்துப் பழக்குவது என்று பல் செட்காரர் முடிவு செய்தார். ஒரு வருடத்தில் பதினோரு பேரைப் பிடித்தார். பதினோரு பேரும் ஓடினார்கள்.

முதலில் மாட்டியவர் தங்கையின் கணவர். மூன்று ஞாயிறு உட்கார்ந்தார். "மச்சான், சண்டை எப்ப வரும்?" என்று கேட்டார். "முதல்ல வம்சாவளியைப் பாருங்க மாப்பிள்ளை" என்றார் ஆசிரியர். நான்காவது ஞாயிறு மாப்பிள்ளைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்து வந்த தபால்காரர் எல்லாப் பிரபுக்களின் ஊரையும் மனப்பாடம் செய்துவிட்டு, "சரி, ஆரம்பிக்கலாமா?" என்றார். "ஆரம்பிச்சுதான் இருக்கோம்" என்று பதில் வந்தது. பட்டறையில் மெழுகு வேலை பார்க்கும் பெண் ஒரே ஒரு மணி நேரம் இருந்தாள். "அண்ணே, இது விளையாட்டா, பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்தாள். இந்தக் காலத்தவருக்குப் பொறுமை கிடையாது என்று பல் செட்காரர் தங்கையிடம் நொந்துகொண்டார். பொறுமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். தங்கை பொறுமையாகக் கேட்டாள்.

பன்னிரண்டாவதாக வந்தது லிஃப்ட்காரரின் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். "ஒன்பது வருஷம் அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை எங்க ஒளிஞ்சிருந்தாருன்னு பாக்கறேன் தம்பி" என்று சொல்லிக்கொண்டே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்தே வாழ்ந்தவருக்கு முந்நூறு பிரபுக்கள் எம்மாத்திரம்! முதல் நாளே எந்தப் பொத்தான் எதற்கு என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டாம் ஞாயிறு வரி, படை, கல்யாணம் மூன்றும் கைவந்துவிட்டன.

"இவன் யாரு, மூஞ்சிய உர்ருன்னு வச்சிக்கிட்டு?"

"அது உங்க கொழுந்தன் அண்ணி. அரசரோட தம்பி. பட்டத்து மேல கண்ணு."

"என் சொந்தக் கொழுந்தனும் இதே மூஞ்சிதான். இவனை எப்படி அடக்கறது?"

"தூரத்துல ஒரு கோட்டை குடுத்து அனுப்பிரலாம்."

"அடடா, இது எனக்குத் தெரியாமப் போச்சே!"

பல் செட்காரர் ஒரு வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஆள் கிடைத்துவிட்டது என்று அன்று தங்கையிடம் இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு அந்த அம்மாள் திரையின் மூலையில் இருந்த விளையாட்டுத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர்களின் கண் முதலில் தேதிக்குத்தான் போகும்.

"தம்பி, போன வாரமும் மார்ச் ஒன்பதுதானே?"

"ஆமா அண்ணி. கத்துக்கும்போது நிறுத்தித்தான் வைக்கணும்."

"அதுக்கு முந்தின வாரமும் ஒன்பதுதான்."

"ம்."

"உங்க மாப்பிள்ளை ஆடினப்ப என்ன தேதி?"

பல் செட்காரர் மேஜையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"தபால்காரருக்கு?"

"ஒன்பதுதான் அண்ணி."

இந்த இடத்தில் சரித்திரம் தன் நாயகனைக் கொஞ்சம் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பதினோரு பேருக்கும் பொறுமை இருந்தது. ஓடாத கடிகாரத்தின் முன்னால்தான் அவர்களை உட்கார வைத்திருந்தார்.

"அண்ணனோட அரசருக்குக் காய்ச்சல்" என்றார் பல் செட்காரர் மெதுவாக. "அண்ணன் கடைசியா ஆடிட்டுப் போனப்பவே காய்ச்சல். அறுபத்தொரு வயசு ஆச்சு. ஓடவிட்டா அதிகமாப் போனா ரெண்டு மாசம்."

"வைத்தியர் இல்லையா?"

"இருக்காரு. அவர் கை வச்சா இன்னும் சீக்கிரம்."

"அங்கயுமா!" என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நாப்பது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தேன். தினமும் காலைல நர்ஸ் வந்து 'அப்படியேதான் இருக்கார்'னு சொல்லும். நானும் அதை நல்ல சேதின்னு நெனச்சு எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லுவேன். அவர் வலிக்குது வலிக்குதுன்னு முனகினது என் காதுல விழவே இல்ல. 'அப்படியே'தான் பெருசா இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களும் இங்க அதைத்தான் பண்ணிட்டிருக்கீங்க."

"வேண்டாம் அண்ணி. இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்."

"தேதி ஓடறதுக்கு எந்தப் பொத்தான்?"

பல் செட்காரர் கீபோர்டைக் கையால் மறைக்கப் பார்த்தார். ஆனால் நன்றாகச் சொல்லிக் கொடுப்பவருக்கு ஒரு ஆபத்து உண்டு. மாணவிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நீளப் பொத்தானை ஒரே தட்டாகத் தட்டினார்.

மார்ச் பத்து வந்தது. பதினொன்று வந்தது. ஒரு வருடமாகச் சிலையாக நின்ற வரைபடத்தில் படைகள் நகர்ந்தன, கப்பல்கள் கிளம்பின. அந்த அம்மாள் வேலையில் இறங்கினார். கொழுந்தனுக்குத் தூரத்தில் ஒரு கோட்டையைக் கொடுத்து அனுப்பினார். மூத்த இளவரசியைப் பட்டத்துக்கு அறிவித்தார். வைத்தியரை அறைப்பக்கமே விடவில்லை. பல் செட்காரர் தன் ராஜ்ஜியத்தை மறந்து, எட்டிப் பார்த்தபடி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஏப்ரல் இரண்டாம் தேதி ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மன்னர் காலமானார், உறக்கத்தில்.

"உறக்கத்தில்" என்று அந்த அம்மாள் ஒரு முறை வாய்விட்டுப் படித்தார்.

பல் செட்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அறை முழுவதும் அவர் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான். நண்பரின் சாவு வீட்டில் ஓடி ஓடிக் காரியம் பார்த்தவர், அன்று அழ நேரம் கிடைக்காதவர்.

புது அரசியாகத் தொடரலாமா என்று விளையாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"நல்லா சொல்லித் தந்தீங்க தம்பி. எல்லாம் புரிஞ்சுது. ஆனா எனக்கு இது வேண்டாம்."

"வாராவாரம் வேண்டாம் அண்ணி. மாசத்துக்கு ஒரு தடவை வந்தாக்கூடப் போதும்."

"இந்த நாற்காலியில என்னால உக்கார முடியல. அவர் எழுந்து வர்ற வரைக்கும் இடம் பிடிச்சு வச்சிருக்கிற மாதிரியே இருக்கு. மூணு வாரமும் அப்படித்தான் இருந்துச்சு."

பல் செட்காரர் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனார். "சாப்பாட்டை விட்டுராதீங்க" என்று அந்த அம்மாள் படியில் ஏறிக்கொண்டே சொன்னார்.

ராஜ்ஜியம் கம்ப்யூட்டரின் கைக்குப் போயிற்று. விளையாட்டுக் கணக்கில் மூன்றாவது மாதமே அது உடன்படிக்கையை முறித்து, எல்லையில் இருந்த இரண்டு கோட்டைகளைக் கேட்டு ஓலை அனுப்பியது. பல் செட்காரரிடம் படை தயாராக இருந்தது. ஜெயித்தும் இருப்பார். ஆனால் இரண்டையும் கொடுத்துவிட்டார்.

"என்னண்ணே, சண்டையே போடாமக் குடுத்துட்டீங்க?" என்று தங்கை கேட்டாள்.

"அவர் கேட்டிருந்தா என்னைக்கோ குடுத்திருப்பேன்" என்றார். "ஒன்பது வருஷத்துல அந்த மனுஷன் கேக்கவே இல்ல."