உறைந்த கால்

போன மாதம் காலமான அப்பா, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அதற்கு முன் பல வருடங்கள் அதே பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையில் கணக்குப் பாடம் எடுத்தார். ஓட்டத் தெரியும், கற்றுக்கொடுக்கும் உரிமத்துக்கு ஒரு கையெழுத்துதான் பாக்கி. சுழல் பயிற்சி. விமானத்தை வேண்டுமென்றே பம்பரமாகச் சுற்றி விழவைத்து, பிறகு மீட்க வேண்டும். அந்தப் பயத்தில் அவர் தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

கையெழுத்துப் போட வேண்டிய பெண்ணுக்குப் பள்ளியில் ‘பம்பரம்’ என்றே பெயர். அப்பாவைவிட இளையவள். தரையிலேயே சொல்லிவிட்டாள்.

“மேல போனதும் நான்தான் ஸ்டூடன்ட். பயத்துல உறைஞ்சு போவேன். பெடல்ல இருந்து என் காலை எடுக்க வைங்க. முடியலேன்னா கரும்பலகைக்கே போயிடுங்க, சார்.”

“சாக்பீஸ் தூள் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், மேடம்.”

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏழாயிரம் அடி. அப்பா மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்தார். இறக்கைகள் தாங்க மறுத்த கணத்தில் அவள் இடது பெடலை அடிவரை மிதித்தாள். விமானம் சாய்ந்து குப்புற விழுந்து சுற்றியது. கண்ணாடி முழுக்கத் தரை. மீள வலது பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தார். அசையவில்லை. இரண்டு இருக்கைகளின் பெடல்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. அவள் கால் மரக்கட்டையாக நின்றது.

“மேடம், காலை எடுங்க.”

அவள் வெறித்துப் பார்த்தபடி இருந்தாள்.

“இப்படியே மிதிச்சிருந்தா சுத்துறது நிக்காது மேடம். எதிர்ப்பக்கம் மிதிச்சாத்தான்...”

உயரம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. மேலதிகாரி முன் குரல்கூட உயர்த்தாத மனிதர். முஷ்டியை மடக்கி அவள் முழங்காலில் ஓங்கிக் குத்தினார். கால் மடங்கியது. வலது பெடல் இறங்கியது. சுழற்சி நின்றது.

தரையில் இறங்கியதும் அவள் சொன்னாள்: “மூவாயிரத்துல நானே மீட்டிருப்பேன், சார்.”

“அதுக்குள்ள என் உயிர் தனியா இறங்கியிருக்கும், மேடம்.”

“பயந்தவனுக்குக் காது கேக்காது. அவன்கிட்ட போய் பாடம் நடத்துறீங்க.” முழங்காலைத் தேய்த்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

“பயம் போச்சா?” என்று வீட்டில் அம்மா கேட்டாள்.

“எங்க போச்சு? இனிமே ஸ்டூடன்டுக்கும் சேர்த்து நானே பயப்படணும்.”

அதற்குப் பிறகு எத்தனையோ பேரை அவர் மேலே கூட்டிப்போனார். சுழல் பயிற்சி நாட்களில் காலையில் ஒரு வாய் இறங்காது. அந்த நாட்களில் அம்மா தட்டு வைப்பதையே விட்டுவிட்டாள். அவர் திரும்பி வரும்வரை அவளும் சாப்பிட்டதில்லை.