மூன்றாவது அழைப்புக்குக் காத்திருந்தேன்

போன வியாழக்கிழமை டீ நேரத்தில் சூப்பர்வைசர் எங்கள் மேசைக்கு வந்து நின்றார். "எஸ்தர் பாடி வூட்டுக்கு வந்துட்சாம். போறவங்க போய்ட்டு வாங்க" என்றார். பதினோரு நாளாகப் பயந்துகொண்டிருந்த செய்திதான். எஸ்தர் அக்காவின் காலி ஸ்டூலைப் பார்க்கத் துணிவில்லாமல் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

பேக்கிங் செக்‌ஷனில் அவரோடு போல்ட்டு அடுக்கிய பழைய நண்பர்களே, உங்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். யாராவது "எஸ்..." என்று ஆரம்பித்தாலே "தோ வரேன்" என்பார். கூப்பிட்டது யார் என்றுகூடப் பார்க்காமல் ஏன் எழுந்து ஓடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கூப்ட்டவங்களுக்கு நான் யாருன்னு தெரியுதில்ல, அது போதாதாடி?" என்றார். வடக்குப்பட்டில் எங்கள் தெருவிலேயே ஒற்றை அறை ஓட்டு வீடு, சொந்தம் என்று யாரும் கிடையாது. இருந்தும் எங்கள் எல்லாரையும்விடச் சந்தோஷமாக இருந்தார். எனக்கு அது சில நாள் எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது.

இந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துத் தலைவர் கொல்லப்பட்டதற்குப் பிறகு எங்கள் தெருவில் கதவுகள் பகலிலும் சாத்தியே கிடந்தன. திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து வாடகை அறையில் தங்கியிருந்தவரின் பெயர் சுடலை. அந்தப் பெயரே எங்களுக்குப் பயமாக இருந்தது. வெளியூர்க்காரர் என்று சந்தேகப்பட்டு அவரைப் பற்றிப் போலீசிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ஆடி பிறந்ததும் இன்னொரு பேச்சு கிளம்பியது. உச்சி வேளையில் முனி தெருவில் நடக்கிறது, தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, பதில் சொன்னால் ரத்தம் கக்கிச் சாவுதான் என்றார்கள். முனி ஒரு தடவைதான் கூப்பிடுமாம். அதனால் மூன்றாவது அழைப்பு வரும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. உப்பு கேட்டு வந்தவர்கள்கூட வாசலில் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு நின்றார்கள். பிறகு உப்பு கேட்டு யாரும் வரவில்லை.

அக்கா மட்டும் முதல் குரலுக்கே கதவைத் திறந்தார். முனியாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இருந்தா இன்னா? அதுவும் பேச ஆளு இல்லாம தானே வூடு வூடா கூப்ட்டுகினு திரியுது" என்றார்.

அந்தப் பதினோரு நாளும் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "மல்லிகா" என்று அக்காவின் குரல் கேட்டது, அடிபம்புப் பக்கமிருந்து. கத்தியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். இரண்டாவது அழைப்பு வரவில்லை. அப்பாடா, முனிதான், தப்பித்தேன் என்று நினைத்தேன். வெங்காயத்தை நறுக்கி முடித்துக் குழம்பையும் கொதிக்கவிட்டேன். எழுதவே கை கூசுகிறது.

பம்படியில் நெஞ்சு வலியில் விழுந்து கிடந்த அக்காவை, நெடுநேரம் கழித்து அந்த வழியே சைக்கிளில் வந்த சுடலைதான் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "முனங்குத சத்தம் கேட்டுச்சு, நின்னேன். வேற என்ன செய்ய?" என்றார் என்னிடம். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு தபா கூப்ட்டிருந்தா வந்திருப்ப. மூச்சு பத்தலடி" என்றார். திட்டியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். அவர் சிரித்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அதே உச்சி வேளை. "மல்லிகா" என்று அதே குரல், ஒரே ஒரு தடவை. இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. "வந்துட்டேன்க்கா" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன். பம்படியில் யாரும் இல்லை. எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. ஈரக் கையோடு செல்வி நின்றாள். "என் பேரைச் சொல்லி எஸ்தர் அக்கா கூப்ட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். அடுத்த வீட்டிலும் கதவு திறந்தது, அதற்கடுத்ததிலும். தோளில் துண்டோடு சுடலை வெளியே வந்து, "என்னையா கூப்பிட்டிய?" என்று கேட்டார். பயந்துதான் நின்றோம். ஆனால் ஒருவரும் உள்ளே போகவில்லை. செல்விதான் முதலில் அவரைப் பார்த்து, "சாப்ட்டியாண்ணே?" என்று கேட்டாள்.

அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, தெருவில் அத்தனை வீடு இருக்க, அக்கா கூப்பிட்டது என் பெயரைத்தான். நான் வருவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நம்பிக்கையைத்தான். அதைத் திருப்பிக் கொடுக்க இனி வழியில்லை.