கெட்டம்பேயில் விழுந்த செங்கல் வீடு

இன்று வெள்ளம் வடிந்ததும் கெட்டம்பேக்கு ஓடினேன். அங்கே ஆற்றோரத்தில் என் அக்கா, ராத்தாவின் புதுச் செங்கல் வீடு. போய்ப் பார்த்தால், பின்சுவர் முழுதும் கட்டிலின் மேல் கிடக்கிறது!

"ராத்தா!" என்று கத்தினேன்.

"இங்கதான் இருக்கேன், தம்பி!" பக்கத்து வீட்டுப் பரணிலிருந்து குரல் வந்தது.

அது கம்பு நட்டு மண் அப்பிய வீடு. மண்ணெல்லாம் கரைந்துவிட்டது. தூண்களும் கூரையும் அசையவில்லை. இரவு தண்ணீர் ஏறியதும் ராத்தாவும் அவள் கணவர் மச்சானும் அந்தப் பரணில்தான் போய் இருந்திருக்கிறார்கள்.

மச்சான் சொன்னார்: "அத்திவாரத்துக்கு அடியால தண்ணி அரிச்சிட்டு. செங்கல் என்ன செய்யும்?"

"இனி மேட்டுலதானே கட்டுவீங்க?"

"இல்ல, அதே இடத்துல. சுவரை இன்னும் தடிப்பாக் கட்டுவோம்."

மேட்டில் கட்டுவதாக அவர் சொல்லும்வரை ராத்தா பரணை விட்டு இறங்க மறுக்கிறாள்.

உங்களில் யாராவது மச்சானிடம் பேசிப் பாருங்களேன்!