மூன்று வார டீச்சர்

செஞ்சியில் சிறப்புக் குழந்தைகளுக்கான அந்தப் பகல் நேர மையத்துக்கு நான் போனது மூன்றே வாரத்துக்குத்தான். அங்கே இருந்த டீச்சர் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் போயிருந்தார். எனக்குப் படிப்பு இருந்தது, பொறுமை இல்லை. வீட்டில் யாரிடமாவது கேள்வி கேட்டால் பதிலையும் நானே சொல்லி முடித்துவிடுவேன்.

முதல் நாள், பிரம்பு ஒன்றுதான் கையில் இல்லை. மேசையைத் தட்டி, "எல்லாரும் கை கட்டு" என்றேன். எட்டுப் பிள்ளைகளில் மூன்று பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஒருவன் மேசைக்கு அடியில் போய்விட்டான். இரண்டே நாளில் தொண்டை கட்டிப்போய், வேறு வழியில்லாமல் மெதுவாகப் பேசினேன். வகுப்பு அடங்கியது. அதற்குப் பிறகு அந்த அறையின் மதியங்கள் ஒரு மயக்கமாகத்தான் நினைவில் இருக்கின்றன. மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றும். ஜன்னல் முழுக்க மலை. லாரியிலிருந்து கொட்டிவிட்டு அள்ள மறந்த ஜல்லி மாதிரி பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடக்கும். யார் தூங்குகிறார்கள், யார் விழித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, என்னையும் சேர்த்துத்தான்.

ஜன்னலோரம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி உட்காருவாள். அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து அவள் அம்மா தினமும் பஸ்ஸில் கொண்டுவந்து விடுவார். செஞ்சியிலேயே ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு, சாயங்காலம் கூட்டிப்போவார். மூன்றாவது வாரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பீட்டுத் தாள் எழுத வேண்டியிருந்தது. படத்தைக் காட்டி என்னவென்று கேட்க வேண்டும். பாதியாவது சொல்லாவிட்டால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மையத்திலிருந்து யாராவது போய்ப் பார்ப்பார்கள். அப்படி ஆனால் அம்மாவுக்கு வேலை போச்சு, பிள்ளைக்கு இந்த அறை போச்சு.

பத்துப் படங்கள். மாங்காய் காட்டினேன். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸைக் காட்டினேன், "மாங்கா" என்றாள். குடைக்கு "பஸ்". கடிகாரத்துக்கு "குடை". வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சொன்னதை அப்படியே எழுதி, எதிரே வரிசையாகத் தப்புப் போட்டேன். கடைசிப் படம் மாடு. அதற்கும் வேறு எதையோ சொன்னாள். அட்டைகளைப் பைக்குள் வைக்கும்போது "மாடு" என்றாள். வெளியே மாடு போகிறதாக்கும் என்று ஜன்னலை எட்டிப் பார்த்தேன். வெயில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்ததும் தாளைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு நேரமாவும் டீச்சர். சாப்டியான்னு கேட்டா, நான் தட்டைக் கழுவிக் கவுத்தப்புறம்தான் ம்னு சொல்லும். எந்த பஸ்ஸுன்னு கேட்டா, பஸ் போயிட்டிருக்கும், அப்ப சொல்லும்."

தாளை எடுத்து, ஒவ்வொரு பதிலையும் ஒரு வரி மேலே ஏற்றிப் படித்தேன். ஒன்பதும் சரி. பத்தாவது, ஜன்னலுக்கு வெளியே நான் தேடிய அந்த மாடு.

பக்கத்து அறையில் மையத்தின் மேற்பார்வையாளர் தாள்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். "எழுதினது எழுதினதுதான் மேடம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். "அதுவரைக்கும் இவங்க வேலையை விட்டுட்டு உக்காரணுமா சார்? நீங்களே வந்து பாருங்க" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மாங்காய்ப் படத்தைப் பிடித்தபடி, வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மேகத்தின் நிழல் ஒன்று ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சியிலிருந்து இறங்கியது. பாறை பாறையாகத் தடவிக்கொண்டு, மதில்மேல் ஏறி, கீழே புளியமரங்களுக்குள் போய்க் காணாமல் போனது. அந்த மலையடியில்தான் தினமும் துணி காயப்போடுகிறேன்; அவ்வளவு நேரம் அதைப் பார்த்ததே இல்லை. எதற்காகக் காத்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

"மாங்கா" என்றாள்.

இரண்டாவது படம். மூன்றாவது படம். சார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அவலூர்பேட்டை பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. அம்மா எழுந்திருக்கவில்லை. பத்தாவது பதில் வருவதற்குள் வெயில் மலையை விட்டு இறங்கியிருந்தது.

சார் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டார். பிள்ளை இங்கேயே வரலாம் என்று சொன்னேன். அம்மா என் கையிலிருந்த பழைய தாளைப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கும் எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்குது?"

"ஆமாம்மா."

எனக்கு நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். அவர் குனிந்து பிள்ளைக்குச் செருப்பை மாட்டிவிட்டார்.

"நீ சரியாத்தான் சொன்ன கண்ணு. டீச்சருக்குத்தான் காதுல விழல" என்றார்.