கொள்ளிடத்தில் ஒரு ஆள் அதிகம்

அக்கரையில் அக்கா இறந்துவிட்டாள். எடுப்பதற்கு முன் உடன்பிறந்தவன் போர்த்த வேண்டிய கோடிப் புடவையோடு நான் படகில் போய்க்கொண்டிருந்தேன். கொள்ளிடத்தில் தண்ணீர் கூடியிருந்தது. பலகை ஈரமாக இருந்ததால், படகில் இருந்தவர்கள் லைஃப் ஜாக்கெட்டுகளை அதன்மேல் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

நடு ஆற்றில் ரோந்துப் படகு மறித்தது. அதில் ஒல்லியான, வெயிலில் கறுத்த ஒரு போலீஸ்காரர். ஜாக்கெட்டுகளை எடுத்து மாட்டச் சொன்னார்.

“சேலை நனைஞ்சிடும் சார்” என்றார் ஒரு அம்மா.

“முழுகுனா நனையாதாம்மா?”

எல்லோரையும் மாட்ட வைத்து, ஒவ்வொருவர் நாடாவையும் தானே இழுத்துப் பார்த்தார். பன்னிரண்டு ஜாக்கெட், பதின்மூன்று பேர். கிடைக்காமல் நின்றது நான்.

“நீங்க எங்க படகுல ஏறுங்கண்ணே. அடுத்த படகை நிறுத்தணும், புறப்பட்ட கரையிலேயே விட்டுடுறேன். அவசரமாப் போறீங்களா?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “இல்லீங்க” என்றேன்.

“அவசரம்னா சொல்லுங்க. வேற யாரையாவது இறக்குறேன்.”

“பரவாயில்லீங்க.”

தன் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்கு மாட்டி, அந்த நாடாவையும் இழுத்துப் பார்த்தார். கரை வரும்வரை அவர் வெறும் சட்டையோடுதான் நின்றார்.

பாலம் சுற்றி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது அக்காவை எடுத்துவிட்டார்கள். கோடிப் புடவை என் பையிலேயே இருந்தது.

அவர்மேல் கோபப்பட எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு தடவை கேட்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சில நாள் நினைக்கிறேன். எத்தனை தடவைதான் ஒரு மனிதர் கேட்பார் என்றும் நினைக்கிறேன்.